சாரதா ஜூரிக்குப் போகட்டும்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நீ போனில் கதைத்தபோது நான் ஏழெட்டுத் தரம் "ஓம், ஓம்" என்று சொன்னேன். அதில் ஒன்றையும் கணக்கில் எடுக்காதே. நீ இங்கிலீசில் வேகமாகக் கதைக்கும்போது, நான் இன்னும் லைனில் இருக்கிறேன் என்று காட்டத்தான் ஓம் போடுகிறேன். சம்மதம் என்று அர்த்தமில்லை. மறுமொழி சொல்ல எனக்கு நேரம் பிடிக்கும், அதுவும் தமிழில்தான் வரும், அதுவும் பேனையைக் கையில் எடுத்தால்தான் ஒழுங்காக வரும். ஓ லெவலில் இரண்டு தரம் கணக்கைக் கோட்டை விட்ட ஆள் என்றாலும், கடிதம் எழுதுவதில் நான் பாஸ் என்று உன் அம்மாவே சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் வந்த அழகுக்கு, இதை எழுத்துக் கூட்டி வாசிக்க உனக்கு இரண்டு மூன்று நாள் எடுக்கலாம். ஏலாவிட்டால் மருமகளிடம் கொடு. அவள் சென்னைக்காரி, என்னுடைய யாழ்ப்பாணத்துச் சொற்களைக் கண்டு நாலு இடத்தில் சிரிப்பாள். சிரிக்கட்டும். கடைசிவரைக்கும் வாசிக்கச் சொல்.

நீ போனில் சொன்னதை நான் சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா என்று முதலில் பார். உன் கடையில் தோசைக்கல்லில் நிற்கிற சாரதாவுக்கு நீதிமன்றத்தில் ஜூரியாக இருக்கச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை போகவேண்டும். கடை திறந்து இன்னும் ஒரு வருசம்கூட ஆகவில்லை, த்ரீ கிங்ஸ் பக்கத்துச் சனம் இப்பத்தான் உன் தோசையைத் தேடி வரத் தொடங்கியிருக்கிறது, இந்த நேரம் பார்த்து அவள் போனால் மத்தியானக் கூட்டத்தை யார் சமாளிப்பது என்று கேட்டாய். நியாயம்தான். பிறகு நீ சொன்னதுதான் எனக்கு நெஞ்சில் மீன்முள் மாதிரி நிற்கிறது. கோர்ட் பின்னேரம் ஐந்து மணிக்குள் முடிந்துவிடும், அதற்குப் பிறகு அவள் நேரே கடைக்கு வந்து இரவுச் சாப்பாட்டு நேரத்தைப் பார்க்கட்டும், அதுவும் ஏலாது என்றால் வேறு ஆளைப் பார்க்கத்தான் வேணும் என்றாய். கத்தியெல்லாம் சொல்லவில்லை. நல்ல பிள்ளை மாதிரி, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னாய். அந்தப் பெருமூச்சைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எனக்கு அந்த அழைப்பு வந்த கதை உனக்குப் பாதி தெரியும். நீ அப்போது யூனியில் படித்துக்கொண்டிருந்தாய், நாங்கள் ஓக்லாந்தில் அந்த ரானுயி வீட்டில் இருந்தோம், நான் நியூ லின்னில் பாண் பேக்கரியில் மா குழைக்கிற மெசினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கடித உறையில் நீதிமன்றத்தின் பெயரைக் கண்டதும் அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டேன். எங்களுடைய ஊரில் ஒருவனுக்குக் கோட்டிலிருந்து கடிதம் வந்தால் ஒன்று காணி வழக்கு, இல்லையென்றால் எவனோ அவன் பெயரைக் காட்டிக்கொடுத்திருக்கிறான். மூன்றாவது காரணம் ஒன்று இந்த உலகத்தில் உண்டு என்று எனக்குத் தெரியாது. நியூசிலாந்துக்கு வந்த நாளிலிருந்து செய்த குற்றங்களை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு எலுமிச்சை எங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் தொங்கியபோது பிடுங்கியது மட்டும்தான் ஞாபகம் வந்தது. அதற்கு எத்தனை வருசம் போடுவார்கள் என்று அம்மாவைக் கேட்டேன். அவள் உறையைப் பிரிக்கவே விடாமல் கொண்டுபோய்ப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள், அவர் பார்த்துக்கொள்வாராம். பிள்ளையார் இரண்டு நாள் பார்த்தார். பிறகு நீ வந்து எடுத்துப் பிரித்து வாசித்து, விழுந்து விழுந்து சிரித்தாய். "அப்பா, நீங்க குற்றவாளி இல்லை. குற்றவாளியா இல்லையா என்று சொல்லப்போற ஆள்" என்றாய். உன் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான தமிழ் வசனம் அதுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்ததாக, இங்கிலீஷ் தெரியாது என்று எழுதிப் போட்டால் விட்டுவிடுவார்கள், எல்லோரும் அப்படித்தான் தப்புகிறார்கள் என்றும் ஒரு வழி காட்டினாய். நீ அன்றைக்கே முதலாளி ஆகிவிட்டாய் என்று இப்போது நினைக்கிறேன்.

எழுதிப் போட ஆசைதான். ஆனால் அந்தக் கடிதத்தில் என்னுடைய பெயரை, என் அப்பாவின் பெயரையும் சேர்த்து, ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் அடித்திருந்தார்கள். பேக்கரியில் என் பெயர் "ராஜ்". அது என் பெயரில் எந்தப் பகுதியிலும் இல்லை. முழுப் பெயரையும் சொல்லி வரச் சொல்கிறவர்களிடம் உன் பாஷை தெரியாது என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. அழைப்பைக் கொண்டுபோய் எங்கள் போர்மன் கிரெக்கிடம் காட்டினேன். கூடவே அம்மா சுட்ட வடையும் ஒரு பெட்டி கொண்டுபோனேன், ஏதோ அவர் மகளைப் பெண் கேட்கப் போகிறவன் மாதிரி. கிரெக் உயரமான, சிவந்த முகத்து மனிசன், கெட்டவரில்லை. கடிதத்தை வாசித்தார். ஒரு வடையை வாயில் போட்டார். சுவரில் தொங்கிய வேலை அட்டவணையைப் பார்த்தார். பிறகு மூக்கால் ஒரு நீளமான பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான், தம்பி. ஒரு சொல் சொல்லவில்லை. வெருட்டவில்லை. ஆனால் அவர் மூச்சு முடிவதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "நீங்க யோசிக்காதீங்க, நான் விடியமுதல் வந்து மா குழைச்சு வைச்சிட்டுக் கோட்டுக்குப் போறன்." அவருக்கும் சந்தோசம். எனக்கும், வேலை தப்பியது என்று சந்தோசம். வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்லை என்பதை யாரிடமும் கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. முதலாளியின் முகத்தைப் பார்த்துத்தான் சட்டத்தைத் தெரிந்துகொள்வது என்று பழகிவிட்டவன் நான்.

கோட்டில் முதல் நாள் ஒரு பெரிய அறையில் எங்களை இருத்தினார்கள். அந்த அறையைப் பார்த்தபோதே எனக்கு வாய் திறந்துவிட்டது. கோட் சூட் போட்டவர்கள், காலில் சீமெந்து ஒட்டிய சப்பாத்தோடு வந்த கட்டட வேலைக்காரர், தலையில் முக்காடு போட்ட ஒரு அக்கா, கம்பளி பின்னிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி, பச்சை குத்திய பொடியன். ஓக்லாந்து பஸ் ஒன்றை அப்படியே கவிழ்த்துக் கொட்டினது போல இருந்தது. பெயர்களைக் குலுக்கி எடுத்தார்கள். என் பெயர் வந்தது. கூப்பிட்ட மனிசி அதை உச்சரிக்கப் பட்ட பாட்டை நான் சொல்ல மாட்டேன், ஆனால் பாதியில் விடவில்லை, கடைசி எழுத்துவரை வந்து சேர்ந்தா. ஜூரி இருக்கைக்கு நடந்துபோகும்போது எந்த வழக்கறிஞராவது "இவர் வேண்டாம்" என்று காரணமே சொல்லாமல் தடுக்கலாம், தடுத்தால் திரும்பிப் போகவேண்டியதுதான். நான் வேண்டுமென்றே மெல்ல ஆறுதலாக நடந்தேன், யாராவது சொல்லட்டும் என்று. ஒருவரும் சொல்லவில்லை. இந்த நாட்டுக்கு வந்து எத்தனை நேர்முகப் பரீட்சைக்குப் போனேன், எத்தனை இடத்தில் அனுபவம் இல்லை என்று அனுப்பினார்கள் என்று உனக்குத் தெரியும். ஒரு கேள்வியும் கேட்காமல் என்னை எடுத்த முதல் வேலை அதுதான், அதுவும் ஒரு மனிசனின் வாழ்க்கையைக் கையில் தந்து.

என்ன வழக்கு என்று உனக்குச் சொல்ல மாட்டேன். ஜூரி அறைக்குள் கதைத்ததை வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம், நான் பயந்த ஆள், அதனால் அறைக்கு வெளியே நடந்ததையும் சேர்த்து விழுங்கிவிட்டேன். அம்மா அப்போது எவ்வளவோ முயன்று பார்த்தாள். எனக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைத்துக்கூடக் கேட்டாள். நண்டைச் சாப்பிட்டேன், கதையைச் சொல்லவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் வென்ற ஒரே இடம்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும், அது என்னைப் பற்றியது. இரண்டாம் நாளும் நான் விடியமுதல் பேக்கரிக்குப் போய், மாவைக் குழைத்து வைத்து, முகத்தில் ஒட்டிய மாவைக் கழுவிக்கொண்டு, ரயிலில் நின்றபடியே தூங்கி வழிந்து கோட்டுக்கு வந்து சேர்ந்தேன். சாட்சிக் கூண்டில் ஒருவர் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். மெல்லிய குரல். கதிரையோ மெத்தை வைத்தது. அறை இளஞ்சூடு. பேக்கரியில் இத்தனை வருசம் நின்ற என் காலுக்கு அப்படி ஒரு சுகத்தை யாரும் தந்ததில்லை. எப்போது கண் மூடினது என்று தெரியாது. பக்கத்தில் இருந்த பெண் முழங்கையால் இடித்தபோது விழித்துப் பார்க்கிறேன், அந்த நீதிமன்றத்தில் ஒரு சத்தமும் இல்லை. சாட்சி நடுவில் நின்றுபோயிருந்தார். வழக்கறிஞர்கள் தங்கள் கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீதிபதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பின்னால், ஒரு பெண் இருந்தா. தாயோ கட்டின மனிசியோ தெரியாது. அவவுடைய முகத்தில் கோபம் இல்லை, தம்பி. பயம் இருந்தது. அவ என்னுடைய கண்ணிமையைப் பார்த்துக்கொண்டிருந்தா. அது இன்னொரு தரம் மூடுமா என்று.

என்னை மறியலில் போடப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஜூரியை வெளியே கூட்டிப்போகச் சொன்னார் நீதிபதி. கோட்டு உத்தியோகத்தர், நரைத்த முடியைக் கொண்டை போட்ட ஒரு மாவோரி அம்மா, என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு கோப்பை தண்ணீர் தந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டா. இல்லை, வேலைக்குப் போய்விட்டு வந்தேன் என்றேன். எப்போது வேலைக்குப் போனீர்கள் என்றா. சொன்னேன். அவவுடைய முகம் மாறிவிட்டது. வேலைக்கு வராவிட்டால் நிற்பாட்டுவேன் என்று முதலாளி சொன்னாரா என்று கேட்டா. நான் பதறிப்போய் இல்லை இல்லை, அவர் ஒன்றும் சொல்லவில்லை, சும்மா ஒரு பெருமூச்சுத்தான் விட்டார் என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. ஜூரிக்குப் போன காரணத்துக்காக ஒரு ஆளை வேலையால் நிற்பாட்டக்கூடாது, நிற்பாட்டுவேன் என்று வெருட்டவும் கூடாது, வேறு விதத்தில் பாதகம் செய்யவும் கூடாது, செய்தால் அந்த முதலாளிதான் குற்றவாளி என்று ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக எனக்கு விளங்கும்படி சொன்னா. பேக்கரி நம்பரைத் தரச் சொன்னா. நான் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினேன், இவ்வளவு சின்ன விசயத்துக்கு அவரைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று. அப்போது அந்த அம்மா சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"நீங்கள் அவரிடம் உதவி கேட்கவில்லை. அங்கே ஒரு மனிதர் காத்திருக்கிறார், அவருக்கு உங்களுடைய இரண்டு கண்ணும் திறந்து இருக்கவேண்டும்."

நீதிபதி அன்றைக்கு வழக்கை அதோடு நிறுத்திவிட்டார். எல்லோரையும் வீட்டுக்குப் போய் நன்றாக ஆறிவிட்டு அடுத்த நாள் காலை வரச் சொன்னார். யாருடைய பெயரையும் சொல்லவில்லை, என்னைப் பார்க்கக்கூட இல்லை. நினைத்துப் பார், தம்பி. நீதிபதி, வழக்கறிஞர்கள், பொலிஸ், சாட்சி, சுருக்கெழுத்துக்காரர், காவலர், வழக்குக்கு உள்ளான மனிசன், அவருக்குப் பின்னால் இருந்த பெண், இத்தனை பேரும், நியூ லின்னில் மா குழைக்கிற ஒருவன் நித்திரை கொண்டு எழும்பும்வரை காத்திருந்தார்கள். பேக்கரியில் நான் ரயில் பிந்தி ஐந்து நிமிசம் தாமதமாக வந்தால் மணிக்கூட்டைக் காட்டுவார்கள். அடுத்த நாள் காலை போனால் அதே சாட்சி மறுபடி வந்து நின்றார். வழக்கறிஞர் முதல் கேள்வியிலிருந்து தொடங்கினார். சாட்சி ஒரு சலிப்பும் காட்டாமல் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார், இந்தத் தரம் எங்கள் பக்கம் திரும்பி. என் வாழ்க்கையில் யாரும் எனக்காக எதையும் இவ்வளவு பொறுமையாக இரண்டாம் தரம் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தால் கணக்குப் பாஸாகியிருப்பேன். நான் கண்ணிமைக்காமல் கேட்டேன். எதிரே இருந்த அந்தப் பெண் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தா, பிறகு பார்ப்பதை விட்டுவிட்டா. அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு யாரும் தரவில்லை.

நித்திரை கொண்ட அன்று வீட்டுக்குப் போனதும் கிரெக்கின் போன் வந்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். கோட்டு அம்மா கதைத்திருக்கிறா. வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தேன். "ராஜ், நான் உன்னை வரச் சொல்லவேயில்லையே" என்றார். "நீங்க பெருமூச்சு விட்டீங்க" என்றேன். பிறகு, பாவம், அவரையும் மீறி இன்னொரு பெருமூச்சு வந்துவிட்டது. அதைக் கேட்டு அவரே சிரிக்கத் தொடங்க, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து அவரே மெசினில் நின்றிருக்கிறார். வழக்கு முடிந்து நான் திரும்பிப் போகும்போது தோள்பட்டையில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கிழமைப் பாணைப் பற்றி வாடிக்கையாளர் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு முதல் தரமாக என் முழுப் பெயரும் என்ன என்று கேட்டார். சொன்னேன். இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு ராஜுக்கே திரும்பிவிட்டார். அது போகட்டும்.

இப்போது சாரதாவுக்கு வருவோம். பிஜியிலிருந்து வந்த பிள்ளை, அவளுடைய கொள்ளுத்தாத்தாவைக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் ஏற்றிப்போனபோது எந்த நீதிமன்றமும் அவருடைய சொல்லைக் கேட்கவில்லை. தமிழில் அவளுக்கு "வாங்க", "சாப்பிடுங்க" என்ற இரண்டு சொல்தான் வரும், தோசைக்கடைக்கு அது போதும். அவள் அந்த அழைப்பை உன்னிடம் நீட்டியபோது முகம் எப்படி இருந்தது என்று நீ சொல்லவில்லை. எனக்குத் தெரியும். வடைப்பெட்டி மட்டும்தான் குறைந்திருக்கும். நீ பெருமூச்சு விட்டாய், அவள் உடனே "பின்னேரம் வந்து செய்கிறேன்" என்று சொல்லியிருப்பாள். நீ அதை அவளுடைய விருப்பம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். தம்பி, சம்பளம் கொடுக்கிறவனுடைய மூக்கிலிருந்து வருகிற காற்றுக்கு நீ நினைக்கிறதைவிடப் பலம் அதிகம். அவள் பகல் முழுக்க அங்கே இருந்துவிட்டு இரவு உன் கல்லில் நின்றால், மூன்றாம் நாள் யாருடைய தாயோ அவளுடைய கண்ணிமையைப் பார்த்துக்கொண்டிருப்பா.

சட்டத்தில் உனக்கும் வழி இருக்கிறது. உண்மையிலேயே சமாளிக்க ஏலாது என்றால், வேறு ஒரு நாளுக்குத் தள்ளிப்போடச் சொல்லி அவள் கேட்கலாம், கடையின் நிலைமையைச் சொல்லி நீ ஒரு கடிதம் கொடுக்கலாம். ஆனால் கேட்பது அவளுடைய விருப்பமாக இருக்கவேண்டும், உன்னுடைய பெருமூச்சுக்குப் பயந்து கேட்கக்கூடாது. சம்பளத்தைப் பற்றியும் யோசி. ஜூரிக்கு இருக்கிற நாட்களுக்கு முதலாளி சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை, கோட்டுக் காசு பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கொஞ்சம் மிச்சத்துக்கும்தான் காணும். எனக்குப் பக்கத்தில் இருந்து முழங்கையால் இடித்த பெண் ஒரு பெரிய கம்பனியில் மேனேஜர், அவவுக்கு முழுச் சம்பளமும் வந்தது. எனக்கு வரவில்லை. அவவுக்கும் எனக்கும் கதிரை ஒன்றுதான், வாக்கும் ஒன்றுதான், வீட்டுக்குப் போனால் மட்டும் வேறு வேறு. ஏலுமானால் சாரதாவுக்குக் குறைகிறதை நீ நிரப்பிக் கொடு. ஏலாவிட்டால் ஏலாது என்று நேராக முகத்தைப் பார்த்துச் சொல், அவளுக்கு விளங்கும். வேறு ஆளைப் பார்க்கிற கதையை மட்டும் இன்றைக்கே மறந்துவிடு. அது குற்றம். அதோடு, அது என் மகன் கதைக்கிற கதை இல்லை.

தோசைக்கல்லுக்கு ஆள்? நான் வருகிறேன். என்னுடைய தோசை வட்டமாக வராது, அவுஸ்திரேலியா மாதிரி வரும், சில நேரம் தஸ்மேனியா தனியாகப் பிய்ந்து போகும். மருமகளை மா கரைத்துத் தரச் சொல், திருப்புவதை நான் பார்க்கிறேன். வாடிக்கையாளர் கேட்டால், வழமையாக நிற்கிற ஆள் நாட்டு வேலையாகப் போயிருக்கிறா என்று சொல். அம்மா எனக்கு ஏப்ரனை இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள், நீ ஓம் சொன்னாயா இல்லையா என்று அவள் கேட்கவேயில்லை.

வழக்கு முடிந்து சாரதா திரும்பி வருவாள். என்ன நடந்தது என்று கேட்காதே, அவள் சொல்ல மாட்டாள். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தன்பாட்டில் கல்லைத் துடைப்பாள். அப்போது ஒரு நிமிசம் நின்று அவளைப் பார். பிந்தி வந்தால் நீ மணிக்கூட்டைக் காட்டுகிற அந்தப் பெண், ஒரு நாள் ரயில் பிந்தியிருந்தால், வந்துசேரும்வரை அங்கே ஒரு நீதிபதி வாய் திறக்காமல் காத்திருந்திருப்பார்.

திங்கட்கிழமை விடிய நான் கடை வாசலில் நிற்பேன். கதவுப் பூட்டின் திறப்பு உன்னிடம்தான் இருக்கிறது. பிந்தாதே. பிந்தினாலும் பரவாயில்லை, நான் காத்திருப்பேன், பெருமூச்சு விட மாட்டேன்.

உன் அப்பா